கூழைக்கடா வாட்டர்கலர்: பென்சில் கோட்டிலிருந்து சட்டம் போட்ட பிரிண்ட் வரை, முழுமையான வழிகாட்டி

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு வேலை. புள்ளி அலகு கூழைக்கடாவை ஏ4 தாளில் வாட்டர்கலரில் வரைவது, அதை அதைவிடப் பெரிய அளவில் பிரிண்ட் எடுப்பது, கண்ணாடி போட்டுக் கொடுப்பது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவில் உட்கார்ந்து வரைந்தாலும் வரக்கூடிய தொல்லைகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பெரும்பாலும் நன்றாகவே வரைந்துவிடுகிறார்கள். பிரிண்ட் கைக்கு வரும்போதுதான் முகம் வாடுகிறது. மார்பைக் காணோம், கழுத்து மங்கிவிட்டது, வானமும் தாளும் ஒன்றாகிவிட்டன. பழி உடனே பிரிண்ட் போட்ட கடைக்காரர் மேல் விழும். பல சமயம் அவர்மேல் தப்பே இருக்காது. கூழைக்கடா வெள்ளையும் சாம்பலுமான பறவை. வெள்ளைத் தாளில் அதை மெல்லிய வண்ணத்தில் வரைந்தால் கண்ணுக்குத் தெரியும், ஸ்கேனருக்குத் தெரியாது. அதனால் பிரிண்ட் எப்படி வரவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகுதான் பிரஷ்ஷை நனைக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான் இப்படி இருக்கிறது.

1. அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

நல்ல பிரிண்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ3 அளவுக்கு அது 3508 × 4961 பிக்சல். ஏ4 படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 4960 × 7016 பிக்சல் கிடைக்கும். ஏ3க்கு அது தாராளம். ஏ2க்கும் கூடப் போதும்.

அப்படியானால் ஏ3யிலேயே வரையலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். வீட்டில், கடையில் இருக்கும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் ஏ4தான். பெரிய படத்தைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்ட வேண்டியிருக்கும். வெளிர் வானத்தில் அந்த ஒட்டு தெரிந்துவிடும்.

நான் வழக்கமாகச் சொல்வது: பிரிண்டுக்கு 12 × 18 அங்குலத் தாள், அதில் படம் மட்டும் 10 அங்குல அகலம். ஏ4 விகிதத்தில் உயரம் 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். இரண்டு பக்கமும் ஒரு அங்குலம், மேலும் கீழும் ஏறக்குறைய இரண்டு அங்குலம் வெள்ளை ஓரம் மிஞ்சும். கீழ் ஓரத்தில் கையெழுத்துப் போட இடம் வேண்டும், சட்டம் போடுபவருக்குப் பிடிமானம் வேண்டும். ஓரமில்லாமல் பிரிண்ட் எடுத்தவர்களின் கூழைக்கடாக்கள் சட்டத்துக்குள் அலகு நுனியை இழந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை பிரதி என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். ஏன் என்பது 11ஆம் பகுதியில்.

2. வாங்க வேண்டியவை

தாள்தான் முக்கியம். காசை அங்கே போடுங்கள், பிரஷ்ஷில் மிச்சம் பிடியுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), 100 சதவீதப் பருத்தித் தாள். ‘கோல்டு பிரஸ்’ தாளில் சொரசொரப்பு அதிகம். ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கமாக விழும்போது அந்த மேடுபள்ளத்தின் நிழல் வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாக விழும். பிரிண்டுக்காக வரைவதாக இருந்தால் வழவழப்பான ‘ஹாட் பிரஸ்’ நல்லது. அதில் வண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும், பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். பழக மனமில்லை என்றால் கோல்டு பிரஸ்ஸிலேயே வரையுங்கள். ஆனால் ஸ்கேனுக்குப் பதிலாகக் கேமராவில் எடுங்கள் (8ஆம் பகுதி).

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கிடைப்பது பெரும்பாலும் அச்சுக்கும் அழைப்பிதழுக்கும் ஆன தாள். தடிமனாக இருக்கிறதே என்று அதில் வாட்டர்கலர் போட்டால் தாள் ஊறி நொந்துபோகும். சோதனை அச்சுக்கும், பொட்டலம் கட்டுவதற்கும், தாங்கு அட்டைக்கும் அந்தத் தெரு சரி. வரையும் தாளை ஓவியப் பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள்.

வாங்கியதும் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு சிறிது நேரம் குமிழாக நிற்க வேண்டும். உடனே உறிஞ்சினால் தாளின் மேல்பசை போய்விட்டது என்று அர்த்தம். கடலோர வீடுகளில் பல மழைக்காலம் பார்த்த தாள் இப்படி ஆகும். அந்தத் தாள் பென்சிலுக்கு, வண்ணத்துக்கு ஆகாது.

வண்ணம் ஆறு இருந்தால் போதும்: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா, ரா சியன்னா, குயினாக்ரிடோன் ரோஸ், ஒரு ஆரஞ்சு, பெய்ன்ஸ் கிரே. குழாயின் மேல் நிறமிக் குறியீடு இருக்கும், அதைப் படித்து வாங்குங்கள். ரோஸ் என்றால் பிவி 19. பிஆர் 83 என்று போட்ட அலிசரின் கிரிம்சன் வெயிலில் வெளிறும். பளிச்சென்ற ‘ஒபேரா’ இளஞ்சிவப்பில் ஒளிரும் சாயம் கலந்திருக்கும். ஸ்கேனிலும் வராது, பிரிண்டிலும் வராது. அலகுப்பை அழகாக இருக்கிறது என்று அதைப் போட்டுவிட்டு, பிரிண்டில் செத்த நிறம் வந்ததும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இவற்றோடு மாஸ்கிங் ஃப்ளூயிட் (வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை மூடிவைத்து, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் திரவம்), 10ஆம் எண், 4ஆம் எண் உருண்டைப் பிரஷ், அகலமான தட்டைப் பிரஷ் ஒன்று, கம் டேப், ஒரு பலகை, தண்ணீருக்கு இரண்டு குவளை. இரண்டாவது குவளை கடைசி அலசலுக்கு மட்டும். வெளிர்சாம்பல் வேலையில் அழுக்குத் தண்ணீர் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

3. பறவையைப் பார்த்துவிட்டு வாருங்கள்

புள்ளி அலகு கூழைக்கடாவின் அறிவியல் பெயர் பெலிக்கனஸ் பிலிப்பென்சிஸ். உலக அளவில் ‘அச்சுறுத்தலுக்கு அண்மித்த’ இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியல் சொல்கிறது. அப்படிப்பட்ட பறவையை நாம் எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காட்டு ஏரியிலும் பார்க்க முடிகிறது. கூடு கட்டுவது வேடந்தாங்கல், பழவேற்காட்டுக்கு வடக்கே ஆந்திராவின் நேலப்பட்டு போன்ற இடங்களில். இரை தேடுவதைப் பாருங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படத்தை ஆதாரமாக வைக்காதீர்கள். ஆள் நெருங்கினால் பறவை எழும்பிவிடும், முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும்.

காலை வெயில் சாய்வாக இருக்கும்போது போங்கள். உச்சி வெயிலில் வெள்ளை இறகு வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும், நிழல் எங்கே விழுகிறது என்று படிக்க முடியாது. கரையோரம் துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருப்பதால் நீண்ட லென்ஸை அந்தப் பக்கம் நீட்டாதீர்கள். முகத்துவாரத்தில் வலை காயவைத்துக்கொண்டிருக்கும் அண்ணன்களிடம் கேட்டால், பறவை இன்றைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள். நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டியவை இவை:

பின்கழுத்தில் சாம்பல் நிறச் சுருள் இறகு, உச்சியில் சிறு கொண்டை. மேல் அலகின் ஓரத்தில் கரும்புள்ளி வரிசை. அலகுப்பை மங்கிய இளஞ்சிவப்பு, அதில் ஊதா கலந்த திட்டுகள். அலகு நுனியில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த சிறிய கொக்கி. வால் பழுப்புச் சாயல். இளம் பறவை பழுப்பாக இருக்கும், அலகுப் புள்ளி ஒரு வயதுக்குப் பிறகுதான் வரும். இளசின் உடம்பையும் முதிர்ந்ததின் அலகையும் ஒட்டவைத்த படங்கள் நிறையச் சுற்றுகின்றன. பறவை பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

வெள்ளைக் கூழைக்கடாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் பை மஞ்சள். இறக்கையை விரித்தால் பறக்கும் இறகுகள் கறுப்பாகப் பளிச்சென்று தெரியும். இணையத்தில் ‘கூழைக்கடா’ என்று தேடினால் இரண்டும் கலந்தே வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, உடம்பில் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களைப் பலர் படமெடுத்தார்கள். அந்தப் படங்களை நிறத்துக்கு ஆதாரமாக வைக்காதீர்கள். மார்பில் தெரியும் பழுப்பு, இறகின் நிறமல்ல. அந்தச் சம்பவத்தையே வரைவதாக இருந்தால் அது வேறு ஓவியம்.

இன்னொருவர் எடுத்த புகைப்படத்தை அப்படியே பார்த்து வரைந்து விற்பது சட்டப்படி தவறு. இந்தியாவில் புகைப்படத்துக்குக் காப்புரிமை, எடுத்தவரின் வாழ்நாள் முழுக்க, அதன்பின் 60 ஆண்டு. அனுமதி கேளுங்கள், பலர் கொடுப்பார்கள். இல்லையென்றால் உங்கள் சொந்தப் படங்கள் சிலவற்றிலிருந்து நிலை ஒன்றில், தலை ஒன்றில், நீர் ஒன்றில் என்று எடுத்துச் சேர்த்து வரையுங்கள். சேர்க்கும்போது எல்லாவற்றிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

4. வரைவு வேறு தாளில்

நல்ல தாளில் நேராக வரைந்து அழித்து அழித்துத் திருத்தினால் ரப்பர் பட்ட இடத்தில் மேல்பசை உரிந்துவிடும். வண்ணம் போட்டதும் அந்த இடம் கறையாக எழும்பும். ஆகவே சாதாரணத் தாளில் முழுதாக வரைந்து முடித்து, ஜன்னல் கண்ணாடியிலோ லைட் பாக்ஸிலோ வைத்து மெல்லிய கோட்டில் நகலெடுங்கள். கார்பன் தாள் வேண்டாம், அந்தக் கோடு போகவே போகாது.

அலகு மொத்த உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. இதை நம்ப மாட்டார்கள், சின்னதாக்கிவிடுவார்கள், பறவை வாத்தாகிவிடும். அளந்து பார்த்து வரையுங்கள். அலகுப்பை எப்போதும் தொங்கிக்கொண்டிருக்காது. ஓய்வாக இருக்கும்போது சுருங்கி ஒட்டிக் கிடக்கும். மீனை வாரும்போதுதான் அது பை. காலில் நான்கு விரலும் சவ்வால் இணைந்திருக்கும். பின்விரலைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.

வண்ணத்துக்கு அடியில் போன பென்சில் கோட்டை அழிக்க முடியாது, ஸ்கேனில் அது சாம்பல் கம்பியாகத் தெரியும். அதனால் பறவையின் ஒளிபடும் ஓரத்தில் கோடே வேண்டாம். பின்னணி வண்ணம் அந்த ஓரத்தைக் காட்டும்.

5. அறையும் காற்றும்

வட சென்னைக்காரர்களுக்கு இது தனிப் பகுதி. திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பக்கம் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தட்டைக் காலையில் வைத்து மாலையில் விரலால் தடவிப் பாருங்கள். கருந்தூசி ஒட்டும். ஈரமான வானத்தில் அது விழுந்தால் தாளோடு காய்ந்து நின்றுவிடும். தட்டினால் போகாது, துடைத்தால் கோடு விழும்.

வண்ணம் போடும் நேரத்தில் கடல் பக்கத்து, சாலைப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்துங்கள். தரையையும் மேசையையும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பம் போட்டால் தூசி எழும்பி, நீங்கள் பிரஷ்ஷை எடுக்கும் நேரத்தில் இறங்கும். கன்டெய்னர் லாரி ஓடும் சாலையை ஒட்டிய வீடு என்றால் அதிகாலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். படம் காயும்போது மேலே ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள், ஒரு பக்கம் லேசாகத் தூக்கலாக.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வியர்க்கும், தெரியும். மேலிருந்து காற்று அடித்தால் வண்ணத்தின் ஓரம் முந்திக் காய்ந்து கோடு கட்டும். நவம்பர், டிசம்பர் ஈரத்தில் நிலைமை தலைகீழ்: ஒரு பூச்சு காய நெடுநேரம் ஆகும். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். புறங்கையைத் தாளில் வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அப்போது அடுத்த பூச்சு போட்டால் பூப்பூவாகக் கறை பரவும், அது வந்துவிட்டால் எடுக்க முடியாது.

6. வண்ணம்: பின்னணி முதலில், கண் கடைசியில்

தாளின் நான்கு பக்கமும் கம் டேப் ஒட்டிப் பலகையில் பொருத்துங்கள். பிறகு இந்த வரிசை.

*மாஸ்கிங்.* ஒளிபடும் முதுகோரம், கொண்டை இறகு, தண்ணீரின் சில மினுக்கு. அவ்வளவுதான். பழைய பிரஷ்ஷைச் சோப்பில் தோய்த்துப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் பிரஷ் போச்சு. மாஸ்கிங்கை வெயிலில் காயவைக்கக் கூடாது, ஹேர் டிரையரும் கூடாது. சூட்டில் அது தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் கிழிக்கும். மே மாதத்தில் ஒரு இரவு விட்டாலே ஆபத்து. அன்றே போட்டு அன்றே உரியுங்கள்.

*பின்னணி.* முழு வழிகாட்டியில் இந்த ஒரு படியை மட்டும் படித்தாலும் போதும். வெள்ளைப் பறவையை வெள்ளையாகக் காட்டுவது அதன் பின்னால் இருக்கும் நிறம். புதியவர்கள் பறவையை முதலில் முடித்துவிட்டு, அதைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் பின்னணியை மிக வெளிறலாகப் போடுகிறார்கள். பிரிண்டில் பறவை மறைவதற்கு அதுதான் காரணம். அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா, துளி ரா சியன்னா சேர்த்தால் கழிமுகத்தின் மங்கிய பச்சைச் சாம்பல் கிடைக்கும். பறவையின் ஒளிபடும் ஓரத்துக்குப் பின்னால் அது அடர்த்தியாக வரட்டும். காய்ந்தால் வாட்டர்கலர் வெளிறும், ஆகவே ஈரத்தில் ‘கொஞ்சம் அதிகமோ’ என்று தோன்றும் அளவு சரியான அளவு.

காய்ந்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பறவையின் வடிவம் ஒரே பார்வையில் பிரிந்து தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பின்னணிக்கு இன்னொரு பூச்சு. இங்கே சோம்பல்பட்டால் கணினியில் சரிசெய்ய முடியாது.

*உடலின் நிழல்.* மாஸ்கிங்கை உரித்துவிட்டு, வயிற்றின் கீழ், இறக்கை மடிப்பு, கழுத்து வளைவின் உள்பக்கம் ஆகிய இடங்களை நல்ல தண்ணீரால் நனைத்து, அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலை விடுங்கள். நீலம் தூக்கலாக இருந்தால் நிழல் குளிரும். தண்ணீரிலிருந்து எதிரொளி படும் வயிற்றடியில் ரா சியன்னா கொஞ்சம் சேருங்கள். பெய்ன்ஸ் கிரேயை மட்டும் போட்டு நிழலடித்தால் பறவை சிமெண்ட் பொம்மையாகிவிடும். பெய்ன்ஸ் கிரே கண்ணுக்கும் அலகுப் புள்ளிக்கும் மட்டும். மார்பில் வெறும் தாளாக விடும் பகுதி உள்ளங்கையளவு கூட வேண்டாம். ஒன்றுமே போடாத இடம் பெரிதானால் பிரிண்டில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும்.

*பின்கழுத்து.* காய்ந்த தாளில், கிட்டத்தட்ட உலர்ந்த 4ஆம் எண் பிரஷ்ஷால் சிறு சிறு வளைவு. ஒவ்வொரு இறகையும் வரைய வேண்டாம். ஓரத்தில் சிலவற்றைத் தெளிவாகவும் நடுவில் மங்கலாகவும்.

*அலகும் பையும்.* ரோஸ், ரா சியன்னா, துளி அல்ட்ராமரீன். பூ நிறம் வரக் கூடாது, தசை நிறம் வர வேண்டும். பை காயும் முன்பே திட்டுகளை விட்டால் ஓரம் கரைந்து இயல்பாக இருக்கும். மேல் அலகின் புள்ளிகளோ நன்றாகக் காய்ந்த பிறகு, கூரான ஓரத்தோடு. சம இடைவெளியில் வைக்காதீர்கள், கோலப் புள்ளியாகிவிடும். நுனிக்கு ஆரஞ்சு ஒரே தொடுகையில்.

*கண்.* எல்லாம் காய்ந்து, கையும் ஓய்ந்த பிறகு. கண் மினுக்குக்குத் தாளை விட்டுவைப்பதே நல்லது. வெள்ளை கௌவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான வண்ணம்) வைத்தால், சற்று மஞ்சள் சாயல் உள்ள பருத்தித் தாளின் மேல் அந்த வெள்ளை ஸ்கேனில் நீலம் பாய்ந்து தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

7. தட்டையாக்குதல்

ஒரு நாள் முழுக்கக் காயட்டும். டேப்பைத் தாளோடு ஒட்டிச் சாய்வாக, வெளிப்பக்கமாக இழுங்கள். தாள் வளைந்திருந்தால் படத்தைக் கவிழ்த்துச் சுத்தமான தாளின் மேல் வைத்து, பின்பக்கத்தை ஈரப் பஞ்சால் லேசாகத் துடைத்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு. செய்தித்தாள் வைக்காதீர்கள், மை ஒட்டும்.

8. ஸ்கேன் அல்லது கேமரா

ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்த பிறகு டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். ஒரு தூசிக்கு ஐந்து நிமிடத் திருத்த வேலை மிச்சம். 600 டிபிஐ, 48 பிட் வண்ணம், டிஃப் கோப்பு. ஜேபெக் வேண்டாம், வெளிர் வானத்தில் கட்டம் கட்டும். ‘ஆட்டோ’ என்று எது இருந்தாலும் அணையுங்கள். தானாகச் சரிசெய்யும் ஸ்கேனர், இவ்வளவு வெளிர்சாம்பலைப் பார்த்ததும் அதை வெள்ளையாக்கிவிடத் துடிக்கும்.

மிக மெல்லிய மலிவு ஸ்கேனர்களில் சிஐஎஸ் உணரி இருக்கும். கண்ணாடியிலிருந்து தாள் இம்மி எழும்பினாலும் அந்த இடம் மங்கும். சிசிடி உணரி உள்ள ஸ்கேனர் இதைத் தாங்கும். கடையில் கொடுப்பதாக இருந்தால் எது என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

கேமரா என்றால் படத்தைச் சுவரில் நேராகப் பொருத்தி, ஒரே வகை விளக்கு இரண்டை இருபக்கமும் 45 பாகையில் வையுங்கள். அறையின் மற்ற விளக்குகள் அணைந்திருக்கட்டும். முக்காலி, 50 மி.மீ. அல்லது அதற்கு மேல் லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் RAW). முதல் படத்தில் மட்டும் ஓவியத்துக்கு முன்னால் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து எடுங்கள். நிறத்தை அதைவைத்துத்தான் சரிசெய்யப்போகிறீர்கள். பிக்சல் கணக்கை மறக்காதீர்கள்: 14 அங்குல உயரத்துக்கு 4200க்கு மேல் வேண்டும்.

9. கணினியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

ஓவியத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். தூசியை நீக்குங்கள், சாய்வை நிமிர்த்துங்கள், நிறத்தை ஓவியத்தோடு ஒத்துவரச் செய்யுங்கள், நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கே. தாள் மங்கலாகத் தெரிகிறதே என்று வெள்ளையை 255க்கு (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை) தள்ளுவார்கள். தாளோடு சேர்ந்து மார்பின் மெல்லிய பூச்சும் காணாமல் போகும். வெறும் தாள் 245 பக்கம் இருக்கட்டும். திரையின் வெளிச்சத்தையும் பாதிக்குக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் பார்த்துத் திருத்திய படம் பிரிண்டில் இருட்டாகத்தான் வரும், ஏனென்றால் தாள் தானாக ஒளிராது.

அசல் ஸ்கேனைத் தொடாமல் தனியாக வையுங்கள். திருத்தமெல்லாம் நகலில்.

10. சோதனைக் கீற்று இல்லாமல் பிரிண்ட் கொடுக்காதீர்கள்

‘ஜிக்ளே’ என்று கேட்டால் புரிந்துகொள்ளும் கடைகள் உண்டு. இல்லையென்றால் ‘பிக்மென்ட் மையில், காட்டன் தாளில் இங்க்ஜெட்’ என்று சொல்லுங்கள். லேசர் பிரிண்டில் டோனர் தாளின் மேல் பளபளப்பாக உட்காரும், வாட்டர்கலர் போலவே இருக்காது. டை மை (நிறமிக்குப் பதிலாகக் கரைந்த சாயம் உள்ள மை) சீக்கிரம் வெளிறும். ஆயிரக்கணக்கில் காலண்டர் போடுவதாக இருந்தால் ஆஃப்செட், சிவகாசிக் கணக்கு. ஐம்பது பிரதிக்கு அது கட்டாது.

கடைக்காரரிடம் அந்தத் தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (அதில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி, மென்பொருளில் ‘சாஃப்ட் புரூஃப்’, அதாவது திரையிலேயே பிரிண்டின் முன்னோட்டம் பாருங்கள். எந்த நிறம் அடிபடும் என்று அது முன்கூட்டியே காட்டும். தாள் 300 ஜிஎஸ்எம் பக்கம், மேட், ஒளிரூட்டி சேர்க்காதது. பளீர் வெள்ளைத் தாளில் கலந்திருக்கும் ஒளிரூட்டி நாளடைவில் செயலிழந்து தாள் மஞ்சளடிக்கும்.

முழுப் பிரிண்டுக்கு முன் நான்கு அங்குல அகலத்தில் ஒரு கீற்று, முழு அளவிலேயே. அதில் அலகுப்பை, பின்கழுத்து, மார்பின் மிக வெளிர்ந்த இடம், அதை ஒட்டிய பின்னணி நான்கும் வர வேண்டும். சிறிதாக்கிய முழுப் படத்தைச் சோதனையாக எடுத்தால் எதுவும் தெரியாது, எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

கீற்றைக் கடையின் ட்யூப் லைட்டில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். வெளியே நிழலில், பகல் வெளிச்சத்தில், அசல் ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாம்பல்தான் முதலில் காட்டிக் கொடுக்கும்: ஒரு விளக்கில் சரியாக இருந்த சாம்பல் இன்னொன்றில் பச்சையோ ஊதாவோ அடிக்கும். திருத்தம் இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், மறுபடி ஒரு கீற்று. கீற்றுகளின் பின்னால் என்ன மாற்றினீர்கள் என்று பென்சிலில் எழுதி வையுங்கள்.

11. எண், கையெழுத்து, பெயர்ச்சீட்டு

வந்த பிரிண்டை ஒரு நாள் திறந்த காற்றில், மேலே வெள்ளைத் தாள் மூடிக் கிடத்துங்கள். மையின் ஈரம் முழுக்க வெளியேறாமல் கண்ணாடிக்குள் போனால் உள்பக்கம் புகைபோல் படியும்.

படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலால்: இடப்பக்கம் 3/50 என்பதுபோல் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. பேனா வேண்டாம், மை பரவும். 50 என்று எழுதிவிட்டால் 50தான். நன்றாக விற்கிறது என்று பின்னால் வேறு அளவில் இன்னொரு 50 போடுவது வாங்கியவரை ஏமாற்றுவது. அதனால்தான் எல்லா அளவுக்கும் சேர்த்து எண்ணிக்கையை ஆரம்பத்திலேயே எழுதச் சொன்னேன்.

பெயர்ச்சீட்டில் பறவையின் தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், பார்த்த இடம், ஆண்டு. ‘அழியும் நிலையில்’ என்று போட்டால் விற்கும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அச்சுறுத்தலுக்கு அண்மித்தது வேறு, அழியும் நிலை வேறு. பட்டியலில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். இது பிரிண்ட், அசல் ஓவியமல்ல என்பதையும் அதே சீட்டில் எழுதிவிடுங்கள். வாங்குபவர் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வைக்காதீர்கள்.

12. சட்டமும் பொட்டலமும்

சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைகள் நம் பக்கம் நிறைய. வழக்கமான வேலை: கண்ணாடி, அதில் ஒட்டி படம், பின்னால் ஹார்ட்போர்டு, ஆணி. ஈரக்காற்றில் இரண்டு மழைக்காலம் போனால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சைப் புள்ளியும் வரும். போனதும் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, கண்ணாடி படத்து மேல படக் கூடாது. சுத்தி மவுண்ட் போட்டு, பின்னாடி நான் குடுக்குற அட்டைய வச்சிடுங்க.” அமிலமில்லாத மவுண்ட் போர்டையும் (படத்தைச் சுற்றி வைத்துக் கண்ணாடியைத் தள்ளி நிறுத்தும் அட்டை) பின்னட்டையையும் நீங்களே வாங்கிக் கொண்டுபோவது நல்லது. பிரிண்டை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் காகிதப் பட்டையால் தொங்கவிடச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரியும்போது அலை அலையாக மடியும். செலோ டேப்பும் ஃபெவிகாலும் படத்தின் பக்கமே வரக் கூடாது.

சட்டத்தின் பின் கீழ்முனைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். குளியலறையை ஒட்டிய சுவர், ஓதம் ஏறும் சுவர், நேர் வெயில் விழும் சுவர் மூன்றும் வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

சட்டமில்லாமல் அனுப்புவதாக இருந்தால் தட்டையாக அனுப்புவதே மேல்: பட்டர் பேப்பர், அதன்மேல் பிளாஸ்டிக் உறை, இரண்டு பக்கமும் படத்தைவிட ஒரு அங்குலம் பெரிய கெட்டி அட்டை. உறைக்குள் பிரிண்டைப் போடும் அன்று மழை பெய்கிறது என்றால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள், அல்லது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை அட்டைக்கு வெளிப்பக்கம் வையுங்கள். குழாயில்தான் அனுப்ப வேண்டும் என்றால் மூன்று அங்குலத்துக்குக் குறையாத விட்டம், படம் வெளிப்பக்கம் இருக்குமாறு தளர்வாகச் சுருட்டி. பெறுபவர் வந்த அன்றே பிரித்து விரித்து வைக்கவேண்டும் என்று உறையின் மேலேயே எழுதிவிடுங்கள்.